இருபத்தேழு நாளைக்கு ஒருமுறை சாகும் பேன்கள்

கணினிக்குள் ஓர் உயிரை முழுசாகச் சாகடிப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது, அதோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் தெரியும்.

நூறு முயல், பத்து நரி என்று எழுதிவிட்டு ஓட விடுங்கள். முயல் பெருகும். அதைத் தின்று நரி பெருகும். நரி பெருகியதும் முயல் குறையும், முயல் குறைந்ததும் நரி பட்டினியில் விழும், நரி விழுந்ததும் முயல் மறுபடி தலைதூக்கும். திரையில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருக்கும். ஒன்று எப்போதும் கொஞ்சம் பிந்தி வரும், அதுதான் நரி. திருச்சியில் கல்லூரி விடுதியில் முதன்முதலாக அதை வரைந்த அன்று அறைத்தோழியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். "ஈசிஜி மாதிரி இருக்கே, யாருக்குடி உடம்பு சரியில்ல?" என்று கேட்டாள். எனக்குத்தான்.

உற்றுப் பார்த்தால் அந்தப் படத்தில் ஒரு கோளாறும் உண்டு. நரிக் கோடு இறங்கும்போது ஒன்றுக்கும் கீழே போய்விடும். அரை நரி. கால் நரி. அப்புறம் நரியின் மீசையில் ஒரு மயிர் அளவுக்கு நரி. ஆனால் சாகாது. முயல் பெருகியதும் அந்த மீசை மயிர் எழுந்து நின்று, குட்டி போட்டு, பழையபடி காடு நிறைய நரியாகிவிடும். வகுப்பில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நாமெல்லாம் இப்படி ஏமாறமாட்டோம் என்ற தெம்பில் சிரித்த சிரிப்பு.

அந்த இரண்டு கோடுகளை நம்பித்தான் மாண்ட்ரியலுக்கு முதுகலை படிக்க வந்தேன். முதுகலையோடு நிற்க எனக்கு மனமில்லை. எங்கள் துறையில் ஒரு குறுக்கு வழி இருந்தது. இரண்டாம் ஆண்டு வசந்தத்தில் மூன்று பேராசிரியர்கள் அடங்கிய குழுவிடம் செய்த வேலையைக் காட்ட வேண்டும். அவர்கள் தலையாட்டினால் முதுகலையை முடிக்காமலே நேராக முனைவர் பட்டத்துக்குத் தாவிவிடலாம். எனக்கு அந்தத் தாவல் வேண்டும். காத்திருப்பது எனக்கு வராத கலை. மைக்ரோவேவ் ஓடி முடிவதற்குள் கதவைத் திறந்துவிடுகிறவள் நான்.

என் நெறியாளர் தமிழ்நாட்டுக்காரர், இங்கே வந்து பல ஆண்டுகள் ஆனவர். ஆய்வகத்தில் ஆங்கிலம், அலுவலகத்தில் பிரெஞ்சு, கதவைச் சாத்திய பிறகு என்னிடம் மட்டும் சென்னைத் தமிழ். முதல் ஆண்டு முடிவில் என் கோடுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "படம் அழகா இருக்கும்மா. ஆனா இது உன் கம்ப்யூட்டர் சொல்ற கதை. நிஜமா ஒரு பிராணி இப்படி நடந்துக்குதுன்னு காட்டு. இல்லேன்னா கமிட்டி உனக்கு ஒரு காபி குடுத்து, ஆல் தி பெஸ்ட் சொல்லி அனுப்பிடும்."

பிராணிக்கு எங்கே போவது? ஆய்வகத்தின் வளர்ப்பறையில் இடம் பிடிக்க எனக்கு முன்னால் நீண்ட வரிசை. முயலும் நரியும் வைத்துப் பார்க்க எனக்குக் காடும் இல்லை, ஆயுளும் இல்லை.

பிராணி நான் குடியிருந்த வீட்டிலேயே இருந்தது.

கர்க்லாண்டில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் பேஸ்மெண்டில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். நான் அண்ணை என்று கூப்பிடக் கற்றுக்கொண்டேன். அவர் மனைவியை அக்கா என்பேன். பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து டொரண்டோ போய்விட்டார்கள். வீட்டின் பின்பக்கம் கண்ணாடி அடைத்த ஓர் அறை; அதில் தொட்டித் தொட்டியாகக் கறிவேப்பிலை. கோடையில் அவை வெளியே மரத்தளத்தில் நிற்கும். முதல் உறைபனிக்கு முன்பு எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவர வேண்டும். "ஏர்போர்ட்டிலையும் பெட்டி தூக்கு, வீட்டிலையும் மரம் தூக்கு. எனக்கெண்டு எழுதின விதி" என்று அண்ணை புலம்பிக்கொண்டே தூக்குவார். ஆளுயரத்துக்கு வளர்ந்த ஒன்று உண்டு. அக்கா அதை "மூத்தது" என்பார். நகர்த்தும்போது மூத்ததின் ஒரு கிளை கதவில் உரசினால் அண்ணைக்கு அன்றைக்குத் தேநீர் கிடைக்காது.

அந்த ஆண்டு உள்ளே கொண்டுவந்த கொஞ்ச நாளில் இலைகளில் வெளிறிய புள்ளிகள் விழுந்தன. அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். நான் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துவந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். நூலாம்படை மாதிரி மெல்லிய வலை. அதற்குள் ஊசிமுனைப் பிராணிகள் நடமாடிக்கொண்டிருந்தன. சிலந்திப் பேன்! இலைச் சாற்றை உறிஞ்சிப் பெருகும் இரை. அதைத் தேடித் தேடித் தின்பதற்கென்றே இன்னொரு வகைப் பேன் உண்டு. பசுமைக்குடில்காரர்கள் அதை விலைக்கு வாங்கிச் செடிகளில் விடுவார்கள். இரையும் வேட்டையும் ஒரே கண்ணாடி அறையில்!

"அக்கா, உங்க மரத்துல பேன் இருக்கு!" என்று கத்தினேன். பரிசு விழுந்ததைச் சொல்லும் குரலில் சொல்லியிருக்கிறேன் போலும்.

அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். "மெல்லக் கதை, பிள்ளை! பக்கத்து வீட்டுக்குக் கேக்கப்போகுது."

பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சு பேசும் கெபெக் கிழவர். போன்ஜூருக்கு மேல் எங்களோடு பேசியதில்லை.

"கேட்டா என்னக்கா? அவருக்குப் புரியவா போகுது?"

"உன்ர முகத்தைப் பாத்தாலே விளங்கும். என்ர மரத்தில பேன் எண்டு ஆர் இவ்வளவு சந்தோசப்படுவினம்?"

மருந்து அடிக்க வேண்டாம், வேறு பேனை விட்டு இந்தப் பேனைத் தீர்த்துக் காட்டுகிறேன், பதிலுக்கு என்னைத் தினமும் எண்ண விடுங்கள் என்று கெஞ்சினேன். ஒப்புக்கொண்டார். வேட்டைப் பேன்கள் மரத்தூள் கலந்த ஒரு பிளாஸ்டிக் போத்தலில் தபாலில் வந்தன. ஆரஞ்சு நிறம், நீண்ட கால், ஒரு நிமிடம் சும்மா நிற்காத குணம். எனக்கு உடனே பிடித்துவிட்டது. நான் மிளகுத்தூள் தூவுவது போல இலைகளின் மேல் தூவிக்கொண்டிருக்க, அண்ணை வாசலில் நின்று பார்த்தார். "ஊரிலே பேன் பாக்கிறவையைக் கண்டிருக்கிறன். காசு குடுத்துப் பேன் வாங்கி மரத்துக்கு விடுற ஆளை இப்பதான் காணுறன், தங்கச்சி."

பிறகு குளிர்காலம் முழுக்க எண்ணினேன். எண்போட்டு வைத்த கிளைகளில் கணினி குலுக்கிப் போட்டுச் சொல்லும் கொத்துகளைத் திருப்பி, இரை எத்தனை, வேட்டை எத்தனை. கழுத்து வலிக்கும், கண் பூக்கும், கண்ணாடிக்கு அப்பால் பனி கொட்டிக்கொண்டிருக்கும். அக்கா தாளிப்பதற்குத் தினமும் ஒரு கொத்துப் பறிப்பதைக்கூட விட்டுவைக்கவில்லை. அதற்கென்று சமன்பாட்டில் ஒரு சின்ன எழுத்து வைத்தேன். அந்த எழுத்தைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை. வேறு யாருக்கு இதெல்லாம் தோன்றியிருக்கும்?

கோடுகள் வந்தன. நிஜமான கோடுகள். இரை ஏறியது, பின்னாலேயே வேட்டை ஏறியது, இரண்டும் சரிந்தன, மறுபடி ஏறின. இலைகள் கொட்டிக் கிளையின் கீழ்ப்பகுதி மொட்டையாகும் ஒவ்வொரு முறையும் சரிவு வந்தது. பேன் உச்சத்துக்குப் போய் உறிஞ்சித் தள்ளியதில் இலை கொட்டுகிறது என்று எழுதி வைத்தேன். தரையில் ஓர் இலையும் கிடக்கவில்லை, அக்கா பெருக்கியிருப்பார். நான்காவது சுற்று முடிந்ததும் ஒரு சுற்றுக்கு எத்தனை நாள் என்று கணினியைக் கேட்டேன். இருபத்தேழும் சொச்சமும் என்றது.

மறுநாளே நெறியாளரின் அறைக்கு ஓடினேன். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"வீட்டுல ஏதாவது இந்தக் கணக்குல நடக்குதா? ஹீட்டர், உரம், தண்ணி, குப்பை வண்டி?"

"எல்லாம் பார்த்துட்டேன் சார். குப்பை வண்டி வாரக் கணக்கு. உரம் மாசக் கணக்கு. மனுஷன் பண்றது எதுவா இருந்தாலும் ஏழு நாள் இல்ல முப்பது நாள்ல வந்து நிக்கும். இருபத்தேழு எந்த மனுஷன் கணக்கு சார்?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "கரெக்ட். இருபத்தேழுன்னு எவன் கேலண்டர் போடுவான்? இது பயாலஜிதான்."

கதவு சாத்தியிருந்தது. நாங்கள் இருவரும் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. சாதகம் என்ற சொல்லே நுழையாத வீட்டில் வளர்ந்தவள் நான். என் பிறந்த நட்சத்திரம் என்னவென்று யாராவது கேட்டால் அதைச் சொல்லத் தெரியாததை ஒரு தகுதியாகவே சொல்லிக்கொள்வேன். அவரோ கோயில் பக்கம் போகாததை அறிவியலின் ஒரு கிளையாகவே கருதுகிறவர். எத்தனை நன்றாகச் சேர்ந்தோம்!

குழு கூடும் நாளும் குறித்தாயிற்று. மே மாதத் தொடக்கம்.

மார்ச்சில் ஒரு காலை பெரும் பனிப்புயல். பஸ் இல்லை, வகுப்பு இல்லை. நான் அந்நேரத்தில் வீட்டில் இருப்பது அபூர்வம். சரி, இன்றைக்குப் பகலிலேயே எண்ணிவிடலாம் என்று மேலே ஏறிப் போனேன். கண்ணாடி அறையில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பெரிய வடிதட்டு, அதில் மலையாகக் கறிவேப்பிலை. மூத்தது இடுப்புக்குக் கீழே மொட்டையாக நின்றது. பக்கத்தில் ஒரு குப்பைப் பை; அதற்குள் மஞ்சளாய்ப் பழுத்த இலைகள், என் வலைகள், என் பேன்கள், என் வேட்டைக்காரர்கள்.

"அக்கா! என்னக்கா பண்றீங்க?"

"ஏன் பிள்ளை பேயைக் கண்ட மாதிரி நிக்கிறாய்? இண்டைக்குக் கார்த்திகை விரதம் எல்லோ. கோயில் சமையலுக்குக் கறிவேப்பிலை என்ர பொறுப்பு. பேந்து வாற ஆக்களுக்கும் ஆளுக்கொரு பிடி குடுக்கிறனான். மிஞ்சினதை அரைச்சுச் சம்பல். உனக்கும் எடுத்து வைக்கிறனான்தானே, போன முறையும் திண்டனி."

தின்றேன். ருசியாக இருந்ததென்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கியும் தின்றேன்.

"இது... மாசாமாசம் பண்ணுவீங்களா?"

"மாசம் எண்டு இல்லை. கார்த்திகை நட்சத்திரம் வாற நாள். இருபத்தேழு நாளைக்கொருக்கா வரும்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பழுத்ததுகளையும் கையோட கிள்ளி எறிஞ்சு வடிவாக்கி விடுறனான்" என்று அக்கா தொடர்ந்தார், எனக்கு உதவி செய்த பூரிப்போடு. "நீ எண்ணேக்க பாக்க வடிவா இருக்க வேணுமெல்லே."

"இந்த ஸ்னோல கோயில் திறக்குமாக்கா?" வேறு என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டேன்.

"ஸ்னோ கொட்டினா முருகனுக்குப் பசிக்காதோ?"

அண்ணை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்தார். விஷயத்தை நான் திக்கித் திணறிச் சொன்னதும் அவருக்கு வேறு ஒன்றுதான் பிடிபட்டது. "இஞ்சாரும், அப்ப இவ்வளவு நாளும் கோயிலிலே சனத்துக்குப் பேன் சம்பலோ குடுத்தனீர்?"

"கழுவித்தானே அரைக்கிறன்! வாயை மூடிக்கொண்டு காரை எடுங்கோ."

அவர்கள் போனபின் கணினியைத் திறந்தேன். என் அழகான சரிவுகள் ஒவ்வொன்றும் ஒரு கார்த்திகை. தவறாமல், ஒன்றுவிடாமல். ஆத்திரம் அக்கா மேல் வரவில்லை. கோபப்பட அவரிடம் ஒன்றுமே இல்லை. தன் மரத்தில் தன் இலையைப் பறித்தார். அந்த நியாயம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. யார் மேலாவது பழி போட முடிந்திருந்தால் அன்றைக்குச் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

இன்னொன்றும் அப்போது புரிந்தது. புரிந்ததும் இன்னும் எரிந்தது. இரையையும் வேட்டையையும் ஒரே விகிதத்தில் அள்ளி எறிந்தால் லாபம் இரைக்குத்தான். இது இந்தத் துறையின் அரிச்சுவடி. இரை சட்டென்று பெருகிக்கொள்ளும். வேட்டைக்காரனுக்கு ஆளும் குறைந்து சாப்பாடும் குறைந்திருக்கும். ஆக, குளிர்காலம் முழுக்க அந்தப் பேன்களை உயிரோடு காப்பாற்றி வைத்திருந்தது அக்காவின் விரதம். என் சமன்பாட்டில் தாளிப்புக்கு ஓர் எழுத்து இருந்தது. முருகனுக்கு இல்லை.

நெறியாளரிடம் சொன்னபோது அவர் முதலில் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"நட்சத்திரமா?"

"ஆமா சார்."

"இருபத்தேழு."

"ஆமா சார்."

"நம்ம ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். பிறகு எரிந்து விழுந்தார். "கமிட்டில போய் என்னன்னு சொல்லப்போற? எக்ஸ், ஒய், முருகன்னு மூணாவது வேரியபிளா?" அதைச் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே வழிதான் உண்டு என்றார். அடுத்த கார்த்திகைக்கு மரத்தில் கை வைக்கக்கூடாது. அப்போதும் கோடு தானாகச் சரிந்து, தானாக எழுந்தால், பயாலஜி. குழு கூடுவதற்குள் அந்த ஒரு சுற்றுக்குத்தான் நேரம் இருந்தது.

அக்காவிடம் அதைக் கேட்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கேட்டதும் அவர் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"வெறுங்கையோட எப்பிடிப் பிள்ளை கோயிலுக்குப் போறது? எல்லாரும் என்ர கையைத்தானே பாத்துக்கொண்டு நிப்பினம்."

"கடையில வாங்கிக் குடுக்கலாம்தானே?" என்றார் அண்ணை.

"கடைக் கறிவேப்பிலையோ? மணத்திலேயே பிடிச்சிடுவினம். கோயிலுக்கு வாற அந்த டோர்வல்காரி உடன கேப்பா, என்ன உங்கட மரம் செத்துப்போச்சோ எண்டு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழவேண்டும் என்று அழவில்லை. தூக்கம் போதாமல் இருந்தேன். அக்கா பார்த்தார். "சரி, சரி. மூக்கை உறிஞ்சாதை. உன்ர படிப்புக்காகத்தான். மரத்துக்குச் சுகமில்லை எண்டு சொல்லிவிடுறன்." அன்றாடத் தாளிப்புக்குக்கூட மரத்தைத் தொடாமல், ஃப்ரீசரில் இருந்ததை எடுத்து ஒப்பேற்றினார்.

அந்தக் கார்த்திகை வந்தது, போனது. அக்கா கடைப் பொட்டலத்தோடு கோயிலுக்குப் போய்க் கடுகடுத்த முகத்தோடு திரும்பினார். டோர்வல்காரி கேட்டேவிட்டாராம்.

நான் எண்ணினேன். இரைக் கோடு ஏறவில்லை. யாரும் தொந்தரவு செய்யாததால் வேட்டைப் பேன்கள் நிம்மதியாகப் பெருகி, இலை இலையாகப் போய்த் தின்று தீர்த்தன. ஒரு வாரம் தேடித் தேடி ஒன்றிரண்டு இரை அகப்பட்டது. அதற்கடுத்த வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஆரஞ்சுக்காரர்கள் காலி இலைகளில் பைத்தியம் பிடித்தது போல ஓடினார்கள். அப்புறம் அவர்களும் இல்லை. எல்லாக் கொத்தையும் திருப்பினேன். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

கணினியிலோ அதே நேரத்தில் வேட்டைக்காரன் கோடு ஒன்றுக்கும் கீழே இறங்கி, பேனின் ஒரு கால் அளவுக்குப் பேனாக ஒளிந்து கிடந்து, மறுபடி எழுந்து கம்பீரமாக மேலே போய்க்கொண்டிருந்தது. நரியின் மீசை மயிர்! வகுப்பில் பார்த்துச் சிரித்த அதே மயிர், குளிர்காலம் முழுக்க என் மடிக்கணினியில் வளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு கார்த்திகைக்கும் அக்கா அள்ளிப் போட்டுவிட்டு மிச்சம் வைத்ததால் அது அகப்படாமல் இருந்தது, அவ்வளவுதான்.

மரங்களோ பளபளத்தன. மூத்தது முனைக்கு முனை தளிர் விட்டிருந்தது. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கென்று இடியப்பம் அவித்து, சொதியில் புதுக் கறிவேப்பிலை மிதக்கக் கொண்டுவந்து வைத்தார்.

"ஏன் முகம் இப்பிடி? பேன் செத்துப்போச்சுத்தானே?"

"செத்துடுச்சுக்கா."

"அதுக்குத்தானே நீ வாங்கி விட்டனி?"

"ஆமாக்கா."

"பேந்தென்ன?"

சொதி நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

குழுவுக்கு நான் எதையும் மறைக்கவில்லை. மறைப்பதற்கு எதுவும் மிஞ்சவுமில்லை. அலையலையாக ஒரு படம், அதில் ஒவ்வொரு சரிவிலும் ஒரு குறி. அடுத்து, தரையில் படுத்த ஒரு கோடு. நட்சத்திர விரதத்தை ஆங்கிலத்தில் விளக்கும்போது என் நெறியாளர் ஜன்னலுக்கு வெளியே எதையோ ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். குழுவில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் செடிகள் இப்போது நலம்தானே?" என்றார்.

"நலம்."

"பிறகு என்ன பிரச்சினை?"

அக்கா கேட்ட அதே கேள்வி. அங்கே சொதியாவது இருந்தது.

வெளியே நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே பேசினார்கள். மறுக்கவில்லை. மறுத்திருந்தாலாவது கத்தித் தீர்த்திருக்கலாம். கணித மாதிரி மிக எளிமையாக இருக்கிறது, தரவு ஒரே அறையிலிருந்து வந்திருக்கிறது, அந்த உயிர்கள் உண்மையில் எப்படி நிலைத்து நிற்கின்றன என்பதற்குப் பதிலில்லை. இலையுதிர்காலத்தில் இன்னொரு முறை வாருங்கள் என்றார்கள். நெறியாளர் என் தோளைத் தட்டி, "ஆறு மாசம்தானேம்மா" என்றார். ஆறு மாதமாம். தானேயாம்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணை தொட்டிகளை வெளியே தூக்கிக்கொண்டிருந்தார். நானும் போய் ஒன்றைத் தூக்கினேன். அக்கா என் முகத்தைப் பார்த்து, கேட்காமலே புரிந்துகொண்டார்.

"எங்கட மரத்தாலையோ?"

"இல்லக்கா. என்னாலதான்."

அவர் நம்பவில்லை. மூத்ததை முறைத்தார். "உனக்குப் பேன் வேணுமெண்டா சொல்லு. எங்கட மரத்தில இல்லாட்டி என்ன? நான் கறிவேப்பிலைக் கண்டு குடுத்த வீடுகளிலே எல்லாம் கிடக்குமாம். இல்-பிசார்காரி நேத்தும் போன் எடுத்து, இலை வெளிறுது, என்ன செய்யிறது எண்டு கேட்டவ."

"எந்தக் கன்னுக்கா?"

"மூத்ததின்ர வேரிலே முளைக்கிறதுகள். கார்த்திகைக்குக் கோயிலுக்கு வாறவைக்குத் தயிர் டப்பாவிலே வைச்சுக் குடுக்கிறனான். டோர்வலில ரெண்டு வீடு, இஞ்சை கர்க்லாண்டிலே மூண்டு நாலு..."

கையிலிருந்த தொட்டியை இறக்கி வைத்தேன். அண்ணையின் காலில். அவர் கத்தியது எங்கோ கேட்டது. மூத்ததில் செத்துப்போன பேன்கள் சாகவே இல்லை! தயிர் டப்பாக்களில் ஏறி ஊரெல்லாம் போயிருக்கின்றன. பின்னாலேயே, பிந்தித்தான், வேட்டைக்காரர்களும் போயிருக்கலாம். ஒரு வீட்டில் தீர்ந்தால் இன்னொரு வீட்டில் இருக்கும். கார்த்திகைக்குக் கார்த்திகை ஒரு கன்று இங்கிருந்து அங்கே போகும். அந்த உயிர்கள் எப்படி நிலைத்து நிற்கின்றன என்றுதானே கேட்டார்கள்? இப்படித்தான்! இந்தப் பேச்சை அக்கா குழு கூடுவதற்கு முந்தின நாள் பேசியிருந்தால் என்ன?

அக்காவே எல்லா வீட்டுக்கும் சொல்லி ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். வார இறுதியில் முதலில் இல்-பிசாருக்குப் போனேன். அந்தத் தீவுக்குப் பஸ் எப்போதாவதுதான் வரும். வந்த பஸ்ஸும் வீட்டுக்கு நெடுந்தூரம் முன்னால் இறக்கிவிட்டுப் போய்விட்டது. வியர்க்க விறுவிறுக்க நடந்துபோய்க் கதவைத் தட்டினேன். வீட்டுக்கார ஆன்ட்டி பட்டுக்கரைச் சேலை கட்டி, வடை சுட்டு வைத்துக் காத்திருந்தார்.

"வாங்கோ, வாங்கோ! மரம் பாக்க யூனிவர்சிட்டியிலிருந்து வருகினம் எண்டு அக்கா சொன்னவ."

ஜன்னலோரம் செடி நின்றது. இலைகள் ஈரத்தில் மினுங்கின. சுற்றிலும் சவர்க்கார வாசனை.

"வடிவாச் சவுக்காரம் போட்டு ஒவ்வொரு இலையாத் தேய்ச்சுக் கழுவி வைச்சனான்" என்றார் ஆன்ட்டி. "ஆக்கள் வரேக்க ஊத்தையா இருந்தா மரியாதை இல்லையெல்லோ."

 உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஓர் இலையைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை. தண்டோடு ஒட்டிய ஒரு மடிப்பில், கை படாத ஓர் ஓரத்தில், கிழிந்த வலை. அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி, நிற்காமல், இங்கேயும் அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒன்று. பின்னத்தில் இல்லை, முழுசாக ஒன்று.

அங்கேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அக்கா, மத்த வீட்டுக்கெல்லாம் உடனே சொல்லுங்க. யாரும் செடியைத் தொடக்கூடாது. கழுவக்கூடாது!"

"ஏன் பிள்ளை பதறுறாய்? நான் எல்லாருக்கும் நேத்தே சொல்லிப்போட்டன், நீ வாறாய் எண்டு" என்றார் அக்கா. "எல்லாரும் வடிவாக் கழுவி வைச்சிருக்கினம்."